மில் வீட்டு வாக்கு

மறதி மருந்து என்னை ஒன்றும் செய்யவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தின் உடம்பு வாகு அப்படி. என் தகப்பனாருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது விறைப்பு ஊசியை மூன்று தரம் போட்டும் விறைக்கவில்லை. அவர் நிமிர்ந்து இருந்து பிடுங்குவித்துக்கொண்டு நடந்தே வீடு வந்தார். பாட்டனார் ஒரு முட்டி கள்ளைக் குடித்த பிறகும் தேர் வடத்தை நேராகப் பிடித்தவர். ஆகவே வாக்குச்சாவடி வாசலில் அந்த மருந்தை விழுங்கி, உள்ளே போய், தன்னாட்சிக் கட்சியின் பொத்தானை அழுத்தி, வெளியே வந்து, எல்லாவற்றையும் துளி பிசகாமல் நினைவில் வைத்திருந்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. வெளியே சொல்லவும் இல்லை. மறந்தவன் போல் நிற்க வேண்டிய இடத்தில் மறந்தவன் போல் நின்றேன்.

எங்கள் தீவில் போர் ஒரு தலைமுறையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியிருந்த காலம் அது. மலைநாடும் தலைநகரும் ஒன்றியத்தின் கையில் இருந்தன. எங்கள் புன்னைத்துறை உட்பட்ட கரை முழுவதும் தன்னாட்சிக்காரரிடம் இருந்தது. முந்திய தேர்தலில் வாக்களித்துவிட்டு வந்தவர்களை இரண்டு பக்கமும் பிடித்து, யாருக்குப் போட்டாய் என்று கேட்டார்கள். சொல்லாதவர்கள் செத்தார்கள். சொன்னவர்களிலும் பலர் செத்தார்கள். அதனால் இந்த முறை, போர்நிறுத்தத்துக்கு வந்த வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் கையோடு இந்த மருந்தையும் கொண்டுவந்தார்கள்.

என் மூத்த மருமகள் கோசலை ஊர் மருத்துவ நிலையத்தில் தாதி. சாவடியில் மருந்து கொடுக்கும் பொறுப்பு அவளுக்குத்தான். அவள் எனக்கு அதை விளக்கினாள்.

"மறக்கிறதில்லை மாமா. மறக்கிறதெண்டா முதல்ல நினைவு இருக்கவேணுமே. இதைக் குடிச்சா அரை மணித்தியாலத்துக்கு ஒண்டும் உள்ள பதியாது. மழைக்குள்ள கோலம் போட்ட மாதிரி."

"உள்ளுக்குப் போறவனுக்குத் தான் ஆர் எண்டாவது தெரியுமோ?"

"எல்லாம் தெரியும். யோசிப்பார், முடிவெடுப்பார், அமத்துவார். வெளியில வந்த பிறகு கேட்டா அவருக்கே தெரியாது. தெரியாததை அடிச்சும் எடுக்கேலாது."

கரண்டியால் உள்ளங்கையில் ஊற்றிக் கொடுத்ததாலும், பன்னீர் மணந்ததாலும், சனங்கள் அதைத் தீர்த்தம் என்றார்கள். இது சமயப் பொருள் அல்ல என்று கண்காணிப்பாளர்கள் அறிவித்தல் ஒட்டினார்கள். அதன் பிறகு சனங்கள் குடித்துவிட்டு ஈரக்கையைத் தலையிலும் தடவத் தொடங்கினார்கள்.

எங்கள் வீட்டை ஊரில் மில் வீடு என்பார்கள். மா அரைக்கும் மில் என் தகப்பனார் வைத்தது. வீட்டில் ஏழு வாக்கு: நான், மனைவி பூரணம், தம்பி சபாரத்தினம், மூத்த மகன், கோசலை, மகள், இளையவன் சேந்தன். எல்லாத் தேர்தலுக்கும் முதல் நாள் சாப்பாட்டின்போது நான் சின்னத்தைச் சொல்வேன். மறுநாள் வரிசையாகப் போய்ப் போடுவோம். "எங்கட வீட்டில வாக்கு ஒண்டுதான், விரல்தான் ஏழு" என்று நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் சொல்லாத தேர்தல் கிடையாது. ஊர்க்காரர் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுவார்கள்.

இந்த முறை தன்னாட்சிக்காரர் தாங்கள் வென்றால் வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு எடுப்பதாக முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருவன் சேந்தன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மில் வீடு உங்களோடு என்று நான் அவர்களுக்குச் சொல்லியாயிற்று. சொன்னது சொன்னதுதான். வழக்கம்போல் சாப்பாட்டின்போது சின்னத்தைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ என்று பூரணம் கேட்டாள்.

மயிரிழையில் ஒன்றியம் வென்றது. எண்ணியது பொய் என்றது தன்னாட்சி. பொய் சொல்வது யார் என்று தெரியும் என்றது ஒன்றியம். அன்று பொழுதுபடுவதற்குள் போர்நிறுத்தம் முடிந்துவிட்டது. வென்றது தாங்களே என்று தன்னாட்சிக்காரர் வீட்டுக்கு ஒருவரை எடுக்கவும் தொடங்கினார்கள்.

எந்தச் சாவடியில் எவ்வளவு விழுந்தது என்பதைக் கண்காணிப்பாளர்கள் ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். புன்னைத்துறையில் ஏழு வாக்குகள் ஒன்றியத்துக்கு விழுந்திருந்தன. மற்றவை எல்லாம் தன்னாட்சிக்கு.

ஆளைப் பிடித்துக் கேட்பதில் பயனில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் தன்னாட்சிக்காரர் கேட்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். பக்கத்து ஊரான மணல்முனையில் மூன்று வாக்குகள் மாறி விழுந்திருந்தன. அங்கே மூன்று பேர் மட்டும் இருந்த வீடு ஒன்று இருந்தது. அந்த வீடு இப்போது இல்லை.

எங்கள் ஊரில் சனங்கள் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினார்கள். உள்ளே நடந்தது நினைவில்லை, ஆனால் தன்னாட்சியை நினைத்தே உள்ளே போனேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சங்கக்கடையில் கற்பூரம் முடிந்துபோயிற்று. நானும் செய்தேன். முதல் பாதியை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

அப்போது எங்கள் பகுதிப் பொறுப்பாளன் நிலவன். அது இயக்கப் பெயர். சோடாக் கம்பனித் துரைராசாவின் மகன்தான். ஒரு காலையில் மில்லுக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அதை நான் சொல்ல வேண்டும்.

"ஐயா, இந்த ஊரில ஏழு வாக்கு ஒண்டா விழுற வீடு ஒண்டுதான் எண்டு சனம் சொல்லுது."

"சனம் சொல்லுறது சரி. ஆனா விழுந்தது உங்கட பக்கம்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்கு என்னிடம் மறுமொழி இருந்தது, சொல்ல முடியவில்லை. தீர்த்தத்தைத் துப்பியவனுக்குத்தான் நினைவிருக்கும், துப்பியவன் உளவாளி என்று அவர்களே ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தின் உடம்பு வாகை அவனுக்கு எப்படி விளங்கவைப்பது?

மறுநாள் சனசமூக நிலையத்து வெளிக்கு வரச் சொன்னான். சனத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான், உங்கள் வீட்டில் வாக்கு ஒன்றா இல்லையா என்றான். ஒன்றில்லை என்றால் தான் வேறு இடத்தில் தேட வேண்டும் என்றும் சொன்னான். அவன் எனக்கு ஒரு வழி விட்டான் என்பதை மறுக்க மாட்டேன்.

வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக நின்றார்கள். "ஒண்டில்லை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள் பூரணம். ஊருக்கு முன்னாலா என்று கேட்டேன். ஊருக்கு முன்னால்தானே கேட்கப்போகிறார்கள் என்றாள். சபாரத்தினம் என் காலடியில் இருந்துகொண்டு, ஒரு சொல்லுத்தானே அண்ணை என்றான். அவனுக்கு அது ஒரு சொல். கடைசியில் சரி என்றேன்.

மில்லுக்குப் போய் மோட்டரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தேன். எங்கட வீட்டில வாக்கு ஒண்டில்லை. இரண்டு மூன்று தரம் சொன்ன பிறகுதான், மோட்டருக்கு அந்தப் பக்கத்தில் செபமாலை குந்தியிருந்து வார்ப்பட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். செபமாலை வெளித்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். படகு எஞ்சின் திருத்துபவன். மனைவி றெஜினாவோடு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருந்தான். முகாமில் இருந்தவர்களுக்கும் வாக்கு எங்கள் சாவடியில்தான்.

"ஐயா, மோட்டரை நிப்பாட்டிப்போட்டுச் சொல்லிப் பாருங்கோ" என்றான். "சத்தத்துக்குள்ள எல்லாருக்கும் துணிவு வரும்."

நான் அவனை வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் ஊர் முழுவதும் வந்திருந்தது. முகாம் சனங்கள் பின்வரிசையில் நின்றார்கள். துப்பாக்கிப் பெடியன்கள் நாலு மூலையிலும் நின்றார்கள். நிலவன் கேட்டான். நான் எழுந்தேன்.

எனக்கு முன்னால் இருந்த முகங்கள் எல்லாம் என் தகப்பனார் செத்தபின் நடந்த அந்தியேட்டியில் சாப்பிட்ட முகங்கள். நான் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டது அந்த முகங்களில் தெரிந்தது. சொன்னால் ஏழு பேரும் எங்கள் வீட்டோடு முடிந்துவிடுவார்கள், மற்ற வீடுகள் தப்பும். அதைக் கண்டும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஒண்டுதான். என்ரை தகப்பன்ரை காலத்தில இருந்து ஒண்டுதான்."

நிலவன் நிலத்தைப் பார்த்தான். இரண்டு பெடியன்கள் என் வீட்டார் இருந்த பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள்.

அப்போது பூரணம் எழுந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் பேசிய சபையில் அவள் பேசியதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"தம்பி, இந்த மனிசன் சொல்லுறது பொய். போன தேர்தல்ல இவர் குடைக்குப் போடச் சொன்னவர். நான் பூசணிக்காய்க்குப் போட்டனான்."

"ஏன் அம்மா?" என்றான் நிலவன்.

"பூசணிக்காய் பாக்க வடிவா இருந்தது."

மருந்து இல்லாத பழைய தேர்தல்கள் ஆதலால் அவளுக்கு நினைவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியவில்லை. உடனே சபாரத்தினம் எழுந்து, தான் ஒருநாளும் ஒருவருக்கும் போட்டதில்லை, சீட்டில் ஆடு கீறிவிட்டு வருவதே வழக்கம் என்றான். மூத்தவன் எழுந்து, அப்படியென்றால் அந்த முறை தோணிச் சின்னம் தோற்றது சித்தப்பாவால்தான் என்று ஏசினான். மகள், அண்ணன் மட்டும் திறமோ, சின்னத்தைக்கூடப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவர் என்றாள். கோசலை தன் தகப்பன் சொன்ன சின்னத்துக்கே போடுவதாகச் சொன்னாள். அதைக் கேட்டு மூத்தவன் அவள் பக்கம் திரும்பினான். சேந்தன் இடையில் புகுந்து கிணற்றடி மாமரத்துப் பழங்களை யார் களவாகப் பிடுங்குவது என்ற பழைய வழக்கை எடுத்தான். நான் நின்றேன். என்னை ஒருவரும் இருக்கச் சொல்லவில்லை.

பின்வரிசையிலிருந்து செபமாலையின் குரல் கேட்டது.

"ஐயா, உங்கட வீட்டில ஏழு பேர் ஒண்டாச் சேந்து கொட்டாவிகூட விடமாட்டியள். துரோகம் எப்பிடிச் செய்வியள்?"

முதலில் சிரித்தது துப்பாக்கிப் பெடியன் ஒருவன். பிறகு வெளி முழுவதும் சிரித்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். நிலவனும் சிரித்தான். இந்த வீட்டில் ஒருவனை எடுத்தால் தங்கள் படைமுகாமும் இரண்டாகப் பிரிந்துவிடும், இவர்களிடம் ஆள் வேண்டாம் என்று தன் பெடியன்களுக்குச் சொன்னான். சேந்தன் தப்பியது அப்படித்தான்.

சிரித்து முடிந்ததும் நிலவன், "அப்ப ஏழு பேர் வேற எங்கயோ இருக்கினம்" என்றான்.

முன்வரிசையில் இருந்த ஒருவர், முகாம் ஆட்களுக்கும் இந்தச் சாவடிதானே, அவர்கள் யார் எவர் என்று எங்களுக்குத் தெரியாதே என்று பொதுவாகச் சொன்னார். அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் குடும்பம் இன்னும் ஊரில் இருக்கிறது. அதோடு, அவர் சொன்னதை மறுத்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று என் சொல்லுக்கு அந்த வெளியில் மதிப்பில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

முகாம் ஆண்களை வரிசையில் விட்டு முன்னாலிருந்து ஏழு பேரை எண்ணி எடுத்தார்கள். சிரிப்பைப் பார்க்க முன்னுக்கு வந்திருந்ததால் செபமாலை மூன்றாவதாக நின்றான். கையில் என் மில்லின் கிறீஸ் இருந்தது. உப்பளத்துப் பக்கம் கொண்டுபோனார்கள். வெடிச் சத்தம் கேட்டபோது நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு ஊரில் எங்கள் வீட்டுக்குப் பூசணிக்காய் வீடு என்று பெயர். தேர்த்திருவிழா உபயம் பரம்பரையாக எங்களுடையது. வீட்டில் சொல் நிற்காதவருக்கு அது பொருந்தாது என்று அதை வேறு வீட்டுக்குக் கொடுத்தார்கள். நான் சங்கக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். வீதியில் நிமிர்ந்துதான் நடந்தேன். மில்லில் வார்ப்பட்டி அறவே நழுவவில்லை. செபமாலை அப்படிப் போட்டிருந்தான்.

அடுத்த மாரிகாலத்தில் தன்னாட்சிக்காரர் கரையை விட்டுப் போனார்கள். நிலவன் ஆற்றைக் கடக்கும்போது செத்தான் என்றார்கள். ஒன்றியமும் நிலைக்கவில்லை. இப்போது எங்களை ஆள்பவர்கள் மூன்றாம் தரப்பு. அந்தத் தேர்தலைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை.

பயம் விட்டுப்போன பிறகு, ஒரு மத்தியானச் சாப்பாட்டில், இனிச் சொன்னால் என்ன என்று நினைத்தேன். பிள்ளைகள் தங்கள் குடும்பத்துப் பெருமையை அறிந்திருக்க வேண்டும்.

"அந்தத் தீர்த்தம் என்னை ஒண்டும் செய்யேல்லை" என்றேன். "எனக்கு எல்லாம் நினைவிருக்கு. எங்கட உடம்பு வாகு அது. உங்கட அப்பப்பாவுக்குப் பல்லுப் பிடுங்கினபோது..."

ஒருவரும் சாப்பிடவில்லை. கோசலை கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, அது தண்ணி."

மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்த ஆளில்லா விமானத்தை யாரோ கடல்நீரேரிக்கு மேல் சுட்டு விழுத்திவிட்டார்கள். மருந்து வரவில்லை என்று சொன்னால் எங்கள் சாவடியை மூடுவார்கள், மூடினால் போர்நிறுத்தம் முறியும். கோசலை தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பன்னீர் கலந்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

"குடிச்சிட்டு வெளியில வந்த ஒவ்வொருத்தரும் தலையைச் சொறிஞ்சு முழிச்சவை மாமா. தண்ணிதான் வேலை செய்யுதோ எண்டு நானே பயந்திட்டன்."

ஆக, எங்கள் வீட்டு உடம்பு வாகு ஊரில் எல்லாருக்கும் இருந்திருக்கிறது. எல்லாரும் தத்தம் உடம்பில் மட்டும்தான் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு கற்பூரத்தை அணைத்திருக்கிறார்கள். பிள்ளையார் ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை. அந்த வெளியில் இருந்த அத்தனை பேருக்கும் தாங்கள் யாருக்குப் போட்டோம் என்பது தெரிந்திருந்தது.

அப்படியானால் அந்த ஏழு பேர் யார் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூரணம்தான் சொன்னாள்.

"ஏழில ஆறு நாங்கள்."

நான் சாப்பாட்டில் சின்னத்தைச் சொன்ன அன்றே, ஆறு பேரும் குசினிக்குள், அடுப்படியில் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். சேந்தனைக் கொடுக்க முடியாது, ஒன்றியத்துக்குப் போடுவது. முந்திய தேர்தல்கள் எப்படி என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் நீங்கள் சொன்னதுக்குத்தான் போட்டனாங்கள். பூசணிக்காயை நான் அந்த இடத்திலதான் நினைச்சனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அதையும் அந்த வெளியில எழும்பி நிண்டு சொல்லியிருப்பியள்."

கை கழுவிவிட்டு மில்லுக்குப் போனேன். எங்கள் வீட்டில் வாக்கு ஒன்றுதான் என்று நான் ஊருக்கு முன்னால் சொன்னது பொய் இல்லை. அந்த ஒன்றில் நான் இருக்கவில்லை.

முகாமில் இன்னும் சனம் இருந்தது. சுடப்பட்ட ஏழு பேரின் குடும்பங்களும் அங்கேதான் இருந்தன. துரோகி வீட்டார் தொட்ட வாளி என்று பள்ளிக்கூடத்துக் கிணற்றில் வேறு எவரும் தண்ணீர் அள்ளுவதில்லை. இது முறையில்லை. பழியோ புகழோ, மில் வீட்டுக்குரியது மில் வீட்டில் இருக்க வேண்டும். எங்களுடையதை அகதிகள் தலையில் வைத்துவிட்டு நான் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். அதனால் வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டுக்கொண்டு, பகலில், எல்லாரும் பார்க்கத்தக்கதாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

றெஜினா வகுப்பறை வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் எழவில்லை. நான் நின்றபடியே, அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கும்படி சொன்னேன். எங்கள் வீடு ஒன்றாகவே இருக்கட்டும் என்று ஆறை ஏழாக்கியும் சொன்னேன்.

"ஒன்றியத்துக்கு விழுந்த ஏழும் எங்கட வீட்டு வாக்கு. உன்ரை மனிசனிலயோ மற்ற ஆக்களிலயோ ஒரு பிழையும் இல்லை. ஊருக்கும் சொல்லப்போறன்."

அவள் கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"ஏழில்லை ஐயா. ஆறு."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒண்டு என்ரை மனிசன்ரை. அண்டைக்கே வந்து எனக்குச் சொன்னவர். தண்ணியை ஊத்தி ஏமாத்துறாங்கள் எண்டு சிரிச்சவர். இந்தச் சண்டை முடிஞ்சா ஊருக்குப் போகலாம் எண்டு யோசிச்சுத்தான் போட்டவர். பிழையெண்டு போடேல்லை." புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "செத்த மற்ற ஆறு பேரும் பாவம், அவையின்ரை பேரை நீங்கள் ஊருக்கு முன்னால கழுவிவிடுங்கோ. அவரின்ரை அந்த ஒரு வாக்கையும் உங்கட வீட்டுக்கு எடுத்துப்போடாதேங்கோ. எங்களிட்ட வேற என்ன இருக்கு?"

"எடுக்கமாட்டன்" என்றேன்.

அவள் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கட வீட்டில ஏழு பேரெல்லோ?"

"ஓம்."

"அப்ப ஏழாவது ஆள்?"

அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"நான்" என்றேன். "நான் மற்றப் பக்கத்துக்குப் போட்டனான்."

அவள் மீன் செதிள் ஒட்டியிருந்த, பிள்ளைகள் உட்காரும் வாங்கைப் புறங்கையால் ஒருமுறை துடைத்து, காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.